கேட்கக் கூடாத கேள்வி

வாசலில் அந்த ஸ்கூட்டரைப் பார்த்ததுமே ராஜவேலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மறுபடியும் வந்துட்டாங்களா?"

கடலுக்குப் போய்வந்த ஈரம்கூட உடம்பில் காயவில்லை. கையிலிருந்த மீன்கூடையைத் தெருவிலேயே போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தான்.

நினைத்தது சரிதான். ஆராய்ச்சிக்கார மேடம் பூர்ணிமா தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே அவன் மனைவி சங்கவி, முகமெல்லாம் கண்ணீர்.

கர்ப்பிணிகளுக்கு ஏறுகிற பிரஷர், அதனால் வயிற்றுப் பிள்ளைக்கு வருகிற கேடு. இதுதான் பூர்ணிமாவின் ஆராய்ச்சி. வைத்திக்குப்பத்தில் வீடு வீடாக வந்து பிரஷர் பார்த்தவள். எட்டாம் மாதம் சங்கவிக்குப் பிரஷர் எகிறி, தலைப்பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. தாய் பிழைத்ததே பெரிய பாடு.

அதற்குப் பிறகாவது விட்டாளா? வாராவாரம் வந்து எதையாவது கேட்டுக் கிளறிவிட்டுப் போகிறாள். அவள் போனபின் சங்கவி சோறு தண்ணி இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள்.

இங்கே வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து எவ்வளவு பாடுபட்டு மறக்கடிக்கிறார்கள்! தூளிக்கு வைத்திருந்த சேலையைக்கூட யாருக்கோ கொடுத்தாயிற்று. "செத்துப் பொறந்ததப் பத்தி எவளும் வாயத் தொறக்கக் கூடாது. அப்பத்தான் அடுத்தது தங்கும்" என்று அவன் அம்மா ராஜாம்பாள் போட்ட சட்டத்தைத் தெருவே மதித்தது. படித்த மேடத்துக்குத்தான் அந்த இங்கிதம் இல்லை.

"இன்னிக்கு என்னா கேட்டீங்க மேடம்?"

"சும்மா பேசிட்டிருந்தோம் தம்பி."

"சும்மாவா? பிரஷர் மிஷினக்கூட எடுத்தாரல. அழவச்சு வேடிக்க பாக்கத்தான் வந்தீங்களா? நீங்க பட்டம் வாங்க எம் பொண்டாட்டி கண்ணீருதான் கெடச்சுதா?"

பூர்ணிமா சங்கவியைப் பார்த்தாள்.

"மாமா, நான் சொல்றத..."

"நீ சும்மா இரு. ஒனக்கு ஒண்ணும் தெரியாது. இவங்க வேலைக்கு இன்னிக்கு வேட்டு வைக்கிறேன் பாரு."

ஏதாவது குறை இருந்தால் கூப்பிடச் சொல்லி, ஆராய்ச்சிக்குத் தலைவரான டாக்டர் கலியபெருமாள் முன்பே தன் நம்பரைக் கொடுத்திருந்தார். தெருவுக்கே கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், வைத்திக்குப்பத்துலேருந்து ராஜவேல் பேசறேன். ஒங்க ஆராய்ச்சிய மொதல்ல நிறுத்துங்க. பூர்ணிமா மேடம் வாராவாரம் வந்து எம் வீட்டுக்காரிய அழவச்சு ரோதன பண்றாங்க."

"வாராவாரமா?" டாக்டர் குழம்பிப்போனார். "ஒங்க குப்பத்துல எங்க வேலை ஆடியிலயே முடிஞ்சிட்டுதேப்பா. இப்ப காலாப்பட்டுப் பக்கம்ல பாத்துக்கிட்டிருக்கோம். ஒங்க பக்கம் யாரையும் நாங்க அனுப்பலியே."

போனை அணைத்துவிட்டு ராஜவேல் பூர்ணிமா பக்கம் திரும்பினான்.

"ஆக, பொய் சொல்லிட்டு வூட்டுக்குள்ள வந்திருக்கீங்க. யாரு கூப்ட்டா ஒங்கள?"

"நான்தான்."

சங்கவி எழுந்து நின்றாள். கண்ணைக்கூடத் துடைக்கவில்லை. அவளுக்கு இப்படிக் கோபம் வந்து அவன் பார்த்ததே இல்லை.

"நான்தான் போன் போட்டு வரச்சொன்னேன். வேற யாருகிட்டப் போயி அழுவேன்? அழக் கூடாதுன்னு ஒங்கம்மா சொல்லிட்டாங்க. நான் அழுதா நீ டிவியப் போட்டு வுடுற. ஆசுபத்திரியில நர்ஸம்மா புள்ளய எங் கையில குடுத்தாங்க, கண்ணு நெறையப் பாத்தேன். நீ பாத்தியா? குழியில வைக்கறப்பகூட துணிய வெலக்கல நீ."

சங்கவி பூர்ணிமா பக்கம் கையைக் காட்டினாள்.

"புள்ள பொறந்தா ஊரே வந்து கேக்குமே, யாரு ஜாடைன்னு? எம் பொண்ணுக்கு அதக் கேட்டது இவங்க ஒருத்தங்கதான்."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள்.

"ஒன் ஜாடைதான் மாமா."