உண்மை சொல்லக்கூடியவர்

ஆண்கள் மட்டுமே சேரும் அந்தச் சகோதர சங்கத்தில், சேர வருபவரைப் பற்றி முதலில் நேரில் விசாரிப்பார்கள். பெரும்பாலும் மனைவியிடம். மெஹபூப் அலி அதற்காகத்தான் மந்தைவெளிக்கு வந்திருந்தார்.

"ஸ்ரீநாத் பொய் சொல்வாராம்மா?"

"சாப்பிடாமலே சாப்பிட்டேன்னு சொல்வார் சார்," என்றாள் மஹதி.

"கோபம்?"

"வரும். காபி ஆறுறதுக்குள்ள போயிடும்."

"அடுத்தவங்களுக்கு உதவுவாரா?"

"எங்கப்பா ஆஸ்பத்திரியில இருந்த ஒரு மாசமும் பக்கத்துலயே இருந்தார்."

அலிக்குத் திருப்தி. "அவரைக் கூப்பிடும்மா, நல்ல சேதியை நேர்லயே சொல்லிடறேன்."

"அவர் கோடம்பாக்கத்துல இருக்கார். எங்களுக்கு விவாகரத்தாகி மூணு வருஷம் ஆச்சு."

அலி விண்ணப்பத்தை மறுபடி பார்த்தார். 'உங்களைப் பற்றி உண்மை சொல்லக்கூடியவர்' என்ற இடத்தில் மஹதியின் பெயர்தான் இருந்தது. அதை அவளிடம் நீட்டினார்.

அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேர்த்துக்கோங்க சார். மீட்டிங் முடிஞ்சதும் சாப்பாடு போடுவீங்கதானே?"