நாலு வருஷ அனுபவம்

"இன்னாடி கஞ்சி இது? இத்த குடிக்கிறதுக்கு சுரங்கத்து சயனைட் மேட்டு மண்ண அள்ளித் தின்னலாம்!"

கட்டிலில் கிடந்த ரத்தினம் கோணிய வாயால் குழறிக் கத்தினார். மருமகள் ஷாலினி முகம் சுளிக்கவில்லை. தலையணையை நிமிர்த்தி, அவரைச் சாய்த்து உட்காரவைத்தாள்.

"திட்டறத திட்டுங்க மாமா. வாய மட்டும் தொறங்க."

"தொறக்க மாட்டேன். போடி!"

"போடின்னு சொல்றப்ப தொறந்துச்சே." ஸ்பூன் உள்ளே போய்விட்டது.

அலமாரியில் ஒரு போட்டோ சட்டத்தின்மேல் சாய்த்து வைத்திருந்த ஃபோனுக்குள்ளிருந்து ஜூடித் ஆண்டி சிரித்தார். இதே தங்கச் சுரங்க ஊரில், கோரமண்டல் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். இப்போது அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்துக்குத் தலைமை நர்ஸ். ஸ்பான்சர் பண்ணி ஆள் எடுக்கலாமா, வேண்டாமா என்று முதலாளிக்குச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

ஷாலினி வேலை கேட்ட மற்ற இடங்களில் எல்லாம் "அனுபவச் சான்றிதழ் எங்கே?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். புகுந்த வீட்டில் படுக்கையாய்க் கிடந்தவரைப் பார்த்துக்கொண்டதற்கு யார் முத்திரை குத்தித் தருவார்கள்? ஜூடித் மட்டும், "பேப்பர் யார் வேணா அடிப்பாங்க. நீ செய்றத வீடியோ கால்ல காட்டு" என்று சொல்லியிருந்தார்.

இதுவும் கைவிட்டுப் போனால், கணவன் கௌதமன் விடிகாலை ரயிலில் தொங்கிக்கொண்டு பெங்களூருக்குப் போய், மகள் தூங்கிய பிறகு வீடு வந்து சேர்வது கடைசிவரை தொடரும்.

"கன்னத்துல கஞ்சி தங்குதா பாரு" என்றார் ஜூடித்.

ஷாலினி விரலில் துணியைச் சுற்றி, அவருடைய இடது கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுத்தாள். "கடிக்காதீங்க மாமா."

"ஆமா, பெரிய மட்டன் பீசு, கடிக்கறாங்க!"

"முதுகக் காட்டு" என்றார் ஜூடித்.

ஷாலினி அவர் முழங்காலை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கை வைத்து, ஒரே மூச்சில் புரட்டினாள். சட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

"அம்மாடியோ! ஒரு புண்ணு இல்ல, ஒரு செவப்பு இல்ல! உனக்கு எத்தினி வருஷ அனுபவம்?"

"நாலு வருஷம் ஆண்டி. ராத்திரியிலகூட ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா எழுந்து திருப்பிப் படுக்க வைப்பேன்."

அந்த நேரம் பார்த்து ரத்தினத்தின் இடது கையில் ஒரு கொசு உட்கார்ந்தது. ஷாலினி பார்த்து விரட்டுவதற்குள் அது வயிறு முட்டக் குடித்துவிட்டது. கை அசையவேயில்லை.

"அய்யோ பாவம்" என்றார் ஜூடித். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ இங்க வந்துட்டா அவர யாரும்மா பாத்துப்பாங்க?"

ஷாலினி போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். எல்லாவற்றையும் யோசித்தவள் இதை யோசிக்கவில்லை.

"போவட்டும், தொல்ல வுட்டுது!" கட்டிலிலிருந்து குரல் வந்தது. "இந்த ஊட்டு ஆம்பளைங்க ரெண்டும் தண்டம். இவளாவது உருப்படட்டும்!"

ஜூடித் மூக்கை உறிஞ்சினார். "வாய்தான் சயனைடு. மனசு தங்கம். ஓனர்கிட்ட இன்னிக்கே பேசறேன். ஸ்பான்சர் பண்றதுக்கு நான் ஆச்சு. நீ பெட்டி கட்டற வழியப் பாரு."

படம் அணைந்தது.

அடுத்த நொடி ரத்தினம் போர்வையை உதறிவிட்டுக் கட்டிலிலிருந்து குதித்தார். இடது கையை வறட்வறட்டென்று சொறிந்தார். "பாழாப்போன கொசு! அரை லிட்டர் உறிஞ்சிட்டுது!"

ஷாலினி ஃபோனை எடுத்தாள். அதன் பின்னால், மாலை போட்ட படத்துக்குள்ளிருந்து மாமியார் பாப்பம்மா முறைத்துக்கொண்டிருந்தாள். நாலு வருஷம் இதே கட்டிலில் கிடந்து, போன வருஷம் கண்மூடியவள்.

"ஒத்திகைகூடப் பாக்கல. ஒரு வார்த்த மாறாம அப்பிடியே அத்தை மாதிரி திட்டினீங்களே மாமா!" ஷாலினி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

ரத்தினம் படத்தின் மாலையைச் சரிசெய்தார். "உன்ன நாலு வருஷந்தான் திட்டுனா ஷாலினிம்மா. என்னிய நாப்பது வருஷம் திட்டுனா. எனக்கு எதுக்கு ஒத்திகை?"