நிழல் அளந்த கயிறு

ஆணியில் கயிறு இல்லை.

அவள் கீழே குனிந்து தேடினாள். வண்ணக் கிண்ணங்கள், கரித்துண்டு, துணி. கயிறு இல்லை.

முந்தாநாள் இதே தேவாலயத்து முற்றத்தில்தான் அவளை வெயிலில் நிற்க வைத்து, அவள் நிழலைக் குதிகாலிலிருந்து உச்சிவரை கயிறு பிடித்து அளந்தான் அவள் கணவன். சுவரில் அவன் தீட்டும் தேவமாதாவுக்கு அளவு வேண்டுமாம். ரோமாபுரியில் ஓவியம் படித்தவன். அங்கே அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்களாம்.

என்னென்னவோ சொல்லிக்கொடுத்தார்கள். பிறந்த மண்ணில் எதைச் செய்யக் கூடாது என்பதை மறக்கவும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

இந்த வலாக்கியா நாட்டில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். சுவர் நிற்க மறுத்தால் கொத்தனார்கள் யாராவது ஒருவரின் நிழலைக் கயிற்றால் அளப்பார்கள். கயிற்றைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிடுவார்கள்.

சுவர் நின்றுவிடும்.

நிழலுக்கு உரியவர் நாற்பது நாள் தாண்ட மாட்டார்.

அவள் மெல்லத் திரும்பி வடக்குச் சுவரைப் பார்த்தாள். நேற்றுவரை அதில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு இருந்தது. எத்தனை முறை அடைத்தாலும் மறுபடி பிளந்த வெடிப்பு.

இன்று இல்லை. பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது.

அவள் கை வயிற்றைப் பொத்தியது. அந்த வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை இருந்தது.

வெளியே கொத்தனார்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக அவள் போவதையும் வருவதையும் கவனிக்காதவர்கள். இன்று எல்லோரும் எழுந்து நின்றார்கள். தொப்பியைக் கழற்றினார்கள். ஒருவன் தன் பங்கு ஆப்பிளைச் சட்டையில் துடைத்து அவளிடம் நீட்டினான்.

வாங்கிக்கொண்டாள். வேறென்ன செய்வது.

இவர்கள் இவ்வளவு நல்லவர்களாக ஒரு நாளும் இருந்ததில்லை. சாகப்போகிறவளிடம் எப்படி நடந்துகொள்வார்களோ அப்படி நடந்துகொண்டார்கள். ஆப்பிளைக் கடிக்காமலே கையில் எடுத்துப் போனாள்.

கணவனிடம் சொன்னாள். அவன் சிரித்தான்.

"ஊருக்குள்ள ரயில் வரப்போகுது. நீ கயித்துக்குப் பயந்துக்கிட்டு இருக்க. போ, போய்ப் படு."

சிரித்தான்தான். ஆனால் அதற்குப் பிறகு தூரிகை சுவரில் படவே இல்லை.

அவள் படுக்கப் போகவில்லை. தலைமைக் கொத்தனார் நெகுலாயிடம் போனாள். அவர் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தார்.

"என் கயிறு எங்க?"

"சுவர் நின்னுடுச்சும்மா."

"எடுத்துடுங்க."

"எடுத்தா கூரை எங்க தலையில விழும்." அவர் நிமிரவில்லை. "அந்த எடத்துல இன்னொரு அளவை வச்சாதான் உங்களோடதை எடுக்க முடியும். யாரோடதைம்மா வைக்கச் சொல்றீங்க? எனக்கு நாலு பொண்ணுங்க இருக்கு."

சுண்ணாம்புக் கையோடு கண்ணைத் துடைக்க முடியாமல் தோளில் துடைத்துக்கொண்டார். திமிராகப் பேசியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். அழுகிறவனிடம் என்ன சண்டை போடுவது?

யாரோடதை வைக்க? அவளுக்கும் ஒரு பெயர் வாயில் வரவில்லை. வந்துவிடுமோ என்று பயந்து விரைவாக நடந்தாள்.

அன்றிரவு பிள்ளை அசையும்போதெல்லாம் பயந்தாள். அசையாதபோது அதைவிடப் பயந்தாள். பக்கத்தில் அவனுடைய குறட்டை கேட்கவில்லை.

விடிந்து கண் திறந்தபோது படுக்கையில் அவன் இல்லை.

செருப்பைத் தேடவில்லை. வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஓடினாள்.

தேவாலயத்து முற்றத்தில், இளவெயிலில், மேலங்கியைக் கழற்றிவிட்டு அவன் நின்றுகொண்டிருந்தான். திறந்திருந்த கதவு வழியே வடக்குச் சுவர் தெரிந்தது. பூச்சைப் பெயர்த்து, விழாமலிருக்க மரம் முட்டுக் கொடுத்திருந்தார்கள். அவன் கையில், சுண்ணாம்பு ஒட்டிய அவளுடைய கயிறு.

நெகுலாய் அவன் காலடியில் மண்டியிட்டிருந்தார். புதிய கயிற்றின் ஒரு நுனியை அவன் குதிகாலில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

"வேணாம்," என்றாள். மூச்சு வாங்கியது. "வீட்டுக்கு வாங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது. வாங்க."

"நீ ஏன் ஓடி வர்ற, இந்த நேரத்துல? நான்தான் இதையெல்லாம் நம்புறதில்லையே. நம்பாதவனை இது என்ன செஞ்சிடும்?"

நம்பாதவனுக்கு உதடு வெளுத்திருந்தது.

அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் அசையவில்லை. அசைந்தால் நிழலும் அசையும், அளவு தப்பிவிடும். அது அவனுக்குத் தெரிந்திருந்தது.

நெகுலாய் அவள் முகத்தைப் பார்க்காமல் கயிற்றை இழுத்துக்கொண்டு போனார். முழங்கால் நிழல். இடுப்பு. தோள். நிழலின் தலை வந்ததும் நின்றார். கத்தியை எடுத்தார்.

அவன் அவள் வயிற்றைப் பார்த்தான். இத்தனை மாதமாகப் பெயரைப் பற்றி அவள் பேச்செடுத்தால், முதலில் பிறக்கட்டும் என்று வாயை அடைப்பவன்.

"பொண்ணா பொறந்தா எங்கம்மா பேரை வை," என்றான்.

வைப்போம் என்று சொல்லவில்லை.