உமிப் புகை

“தாண்டவராயா! வெளிய வாடா!”

ஜெயபால் நயினார் பக்கத்து வீட்டுப் படலை உதைத்த உதையில், கட்டியிருந்த கன்றுக்குட்டி மிரண்டு கத்தியது. ராஜகிரி மலைக்குப் பின்னால் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. இருட்டுவதற்குள் சாப்பிட்டாக வேண்டும் என்ற சமண வீட்டு வழக்கத்தையே மறந்து, போட்ட சோற்றில் கை வைக்காமல் வந்திருந்தார் மனிதர்.

அப்போதுதான் வயலிலிருந்து திரும்பிய தாண்டவராயன், மண்வெட்டியும் கையுமாக எதிரே வந்தார்.

“இன்னா நயினாரே, குடி முழுவிப் போன மாதிரி கத்தற?”

“முழுவத்தான் போவுது! நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்து என் மில்ல இழுத்து மூடப் போறான். எல்லாம் நீ எழுதிப் போட்ட மொட்ட மனு!”

இன்ஸ்பெக்டர் ஆபீஸில் தெரிந்தவர் பார்த்தெழுதிக் கொடுத்த நகலைத் தாண்டவராயன் முகத்துக்கு நேரே ஆட்டினார். நயினாரின் மில்லில் நெல் அவிக்க உமியைத்தான் எரிப்பார்கள். அந்தக் கரி செஞ்சிக் கடைத்தெரு வரை பறந்து, வருகிறவர் போகிறவர் வேட்டியெல்லாம் புள்ளி குத்தும். ஊரே திட்டும், முதுகுக்குப் பின்னால். எழுத்தில் திட்டத் துணிந்தது இந்த ஒரு மனுதான்.

போன வருஷம் வரப்புத் தகராறில் இருவரும் போலீஸ் ஸ்டேஷன் வரை போனவர்கள். ஆகவே சந்தேகப்பட நயினாருக்கு வேறு ஆள் தேவைப்படவில்லை.

“நான் எழுதல.”

“படிக்கிறேன் கேளு! ‘மில்லுக்குப் பின்னால் குடியிருக்கிறோம். சாயங்காலம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் சோற்றில் கரி விழுகிறது. குழந்தைக்கு மூச்சு முட்டுகிறது.’ மில்லுக்குப் பின்னால உன்ன வுட்டா வேற எவன்டா இருக்கான்?”

“காலைல குடிச்ச கூழுய்யா. இன்னும் வூட்டுல ஒலகூட வெக்கல. பேசாம போயிடு.”

“போவ மாட்டேன்! உன் வூட்டு அடுப்புல பொக வரல? நீ கரும்புச் சோகைய கொளுத்தறப்ப வரல? திண்டிவனம் ரோட்டுல லாரி கக்கிக்கினு போவுதே, அது இன்னா சாம்பிராணியா? என் மில்லு மட்டும்தான் உன் கண்ண உறுத்துதா?”

“உறுத்துதுதான்! பொகையும் வுடுவ, கேட்டா அடிக்கவும் வருவ! ஆனா உன் மில்ல மூடிட்டா என் நெல்ல எங்கய்யா கொண்டுபோய் அவிக்கிறது? எனக்கு இன்னா பைத்தியமா?”

ஜெயபால் அவருடைய தோள் துண்டைக் கழுத்தோடு சேர்த்து முறுக்கினார். தாண்டவராயனின் கை மண்வெட்டிக் காம்பை இறுக்கியது. இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் யாராவது ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார்.

சத்தம் கேட்டு ஜெயபாலின் மனைவி அனந்தமதி ஓடி வந்தாள். இடுப்பில் மூன்று வயது மகன். அவன் நெஞ்சு விசில் மாதிரி சத்தம் போட்டது.

“பனியில புள்ளய ஏன்டி தூக்கினு வந்த? எப்படி இழுக்குது பாரு! உள்ள போ!”

அவள் போகவில்லை. கணவனின் கையைப் பார்த்துச் சொன்னாள்:

“அவர வுடுங்க. எழுதுனது நான்.”