கிணற்று நீரில் ஈயம்

கருவியின் மெல்லிய கை குப்பிக்குள் இறங்கி ஒரு சொட்டு நீரை உறிஞ்சுகிறது. அது அக்கா வீட்டுக் கிணற்று நீர். ஆய்வகத்தின் வெள்ளை வெளிச்சத்தில், சட்டைப் பித்தானைத் திருகியபடி என் பின்னால் நிற்கிறார் அக்காவின் மாமனார். அந்தக் கிணற்றையொட்டியே பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை வைத்திருப்பவர். அக்காவுக்கு மூன்றாவது கருவும் கலைந்தபோது, "இவ வயித்துலதான் கோளாறு" என்று சொந்தபந்தம் நிறைந்த கூடத்தில் சொன்னவர். அன்று குனிந்த தலையை அக்கா இன்னும் நிமிர்த்தவில்லை. திரையில், கருவைக் கலைக்கவல்ல அந்த ஈயத்தின் கோடு செங்குத்தாக எழுகிறது. அனுமதித்த அளவைத் தாண்டியும் ஏறுகிறது. "மெஷின் தப்பா காட்டுதோ என்னவோ" என்கிறார். "இன்னொரு தடவை பாத்துடலாம் மாமா" என்கிறேன். புதுக் குப்பியை அமிலத்தில் அலசி, மறுபடி நீரை ஊற்றுகிறேன். எனக்கு அவசரமே இல்லை. அவர் நெற்றியில் வியர்வை துளிர்ப்பதை ஆசைதீரப் பார்க்கிறேன். மறுபடியும் அதே உயரம். "நமக்குள்ளயே வச்சுக்கலாமேம்மா" என்று குழைகிறார். இந்தக் குழைவுக்காகத்தான் காத்திருந்தேன். கதவைத் திறந்து, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அக்காவைக் கூப்பிடுகிறேன். "உள்ள வாக்கா. மாமா உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."