இசக்கி கேட்ட ஒரு பெயர்

கார்டன் ரீச் குடியிருப்பின் மூன்றாம் மாடியில், ஞாயிற்றுக்கிழமை மாலை வெயில் ஜன்னல் கம்பிகளுக்கிடையே கோடு கோடாகத் தரையில் விழுகிறது. எதிர்வீட்டுச் சுப்ரதோவின் மகள் மிமிக்குக் கோமதி தலை பின்னிக்கொண்டிருக்கிறாள். மிமிக்கு வங்காளம்தான், தமிழ் தெரியாது. மேஜைமேல் கிடக்கும் போனில் நார்வேயிலிருந்து இசக்கியின் குரல் வருகிறது. முதலில் அங்கே வேலைக்குப் போனவன் அவன்தான். அவன் சிபாரிசில் இங்குள்ள கப்பல் கட்டும் தளத்திலிருந்து நான்கு வெல்டர்கள் போய்விட்டார்கள், நால்வரும் அவனோடு வேலை பார்த்தவர்கள். அந்தக் கூட்டத்தில் மிஞ்சியிருப்பது கோமதியின் கணவன் தனசேகரும் சுப்ரதோவும்தான். "ஏல தனசேகரா, மேனேஜரு இந்தத் தடவ ஒரு பேருதான் கேக்காரு. சுப்ரதோவும் நேத்து போன் போட்டான். நீயே சொல்லு, யாரச் சொல்லட்டும்?" கோமதியின் கை நின்றுவிடுகிறது. தனசேகர் பனியன் நுனியைத் திருகியபடி மூடிய வாசல் கதவைப் பார்க்கிறான். ஆற்றில் ஒரு கப்பல் நீளமாய்ச் சங்கு ஊதுகிறது. "எம்பேரக் குடுத்திரு," என்கிறான் தனசேகர், தொண்டையைச் செருமிக்கொண்டு. "சுப்ரதோட்ட வேற என்னமாச்சும் சொல்லிக்கோ." அப்பாவின் பெயர் மறுபடியும் காதில் விழுந்ததும் மிமி சட்டென்று திரும்புகிறாள். பாதிப் பின்னல் கோமதியின் விரல்களிலிருந்து நழுவுகிறது. "பாபார் கீ ஹொயேச்சே, காகிமா?" அப்பாவுக்கு என்ன ஆச்சு சித்தி என்கிறாள். "கிச்சு நா," ஒன்றுமில்லை என்று கோமதி சிரிக்கப் பார்க்கிறாள். மிமி நம்பாமல் தனசேகரின் முகத்தையே பார்க்கிறாள். அவன் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான்.