உருவிய செங்கல்

ஓஹையோ ஆற்றின் மேல் பனிமூட்டம் இன்னும் கலையவில்லை. பூச்சாடி ஆலையின் சூளைவாசல் செங்கல் வைத்து அடைத்தபடியே இருக்கிறது. அதன் முன்னால் ஒட்டிலி நடக்கிறாள், நிற்கிறாள், மறுபடி நடக்கிறாள். சாடிகளில் பூ எழுதுகிற பெண் அவள். இத்தனை நாளும் தலைமை ஓவியரின் முத்திரையோடுதான் அவள் வேலை கடைக்குப் போனது. இப்போது உள்ளே வேகிற நீலப்பூச் சாடியின் அடியில்தான், கண்ணுகளா, முதல்முறையாக அவளுடைய சொந்தப் பெயரெழுத்தைக் கீற விட்டிருக்கிறார்கள். அது நல்லபடியாக வந்தால் இனி எல்லாவற்றிலும் அவள் எழுத்துதான். “டீட்டர் அண்ணே, ஒரே ஒரு செங்கல்லை உருவிப் பாத்துக்கட்டுமா?” “சூளை ஆறணும் தாயி. குளிர்காத்து பட்டா அத்தனையும் விரிசல் விட்டுரும். பிள்ளை பெத்துக்கவும் இப்படித்தான் அவசரப்படுவியா?” சூளைக்காரர் டீட்டர் சிரித்துக்கொண்டே காப்பி எடுக்கப் போகிறார். அவர் முதுகு மறைந்ததும் அவள் ஏப்ரனால் பிடித்து ஒரு செங்கல்லை அசைக்கிறாள். அது கையோடு வந்துவிடுகிறது. அனல் முகத்தில் அடிக்கிறது. அவள் தோளுக்கு மேலாக நுழைந்த காலை வெளிச்சத்தில் அவளுடைய சாடி, மழை நின்ற வானம் போல, ஒரு குறையும் இல்லாமல் நிற்கிறது. அவளுக்குச் சிரிப்பு வருகிறது. அப்போது உள்ளே கிண்ணென்று ஒரு சத்தம். பக்கத்துச் சாடி விரிசல் விட்டுவிட்டது. அவளோடு பூ எழுதுகிற கோராவுடையது. சத்தம் கேட்டு ஓவியக்கூடத்துப் பெண்கள் ஓடி வருகிறார்கள். “யாரோடதுடி போச்சு?” என்று முன்னால் வந்து மூச்சு வாங்குகிறாள் கோரா. சுடுகிற செங்கல்லை ஏப்ரனுக்குள் மறைத்தபடி ஒட்டிலி வாயைத் திறக்கிறாள். அதற்குள் சூளைக்குள்ளிருந்து இன்னொரு கிண்.